கணக்கேடும் கணினியும்
(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்கு அளித்துள்ள தலைப்பு, ‘கல்லூரி மாணவர்க்கு இணையவழி வணிகக் கணினிப் பயிற்சி’ என்பதாகும். அழைப்பிதழில் இதைக் கண்ட நண்பர் ஒருவர், “வரலாறு படித்த உமக்கும் கணினிக்கும் என்ன உறவு?” என வினவினார். அவர் கேட்டது முறையே. நாம் பணியில் சேர்ந்த நாளில் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகிய யாவும் கையெழுத்தே. பின்னர் அவை கணினிக்குச் சென்றபோது, இளைய ஆசிரியர் ஒருவரை அருகில் அமர்த்தி, “அதைச் செய்யுங்கள், இதைச் செய்யுங்கள்” எனச் சொல்லியே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். ஆகவே கற்றறிந்தவராக நின்று பேச நமக்குத் தகுதியில்லை. கற்காமல் விட்டதனால் நேர்ந்ததைச் சொல்லத் தகுதியுண்டு.

முதலில் இப்பாடம் யாது என்பதை, அதைப் பார்த்திராத தாய்மார்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் நடுவண் அரசு ‘சுவயம்’ என்னும் இணையவழிக் கல்வி மேடையைத் தொடங்கியது. காணொளிப் பாடம், படிப்பதற்கான உரை, ஐயம் கேட்கும் இடம், தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள் ஆகிய நான்கும் சேர்ந்ததே அதில் ஒரு பாடம். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதுவோர் மட்டும் கட்டணம் செலுத்துவர். பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு பருவத்திற்குரிய பாட மதிப்பலகுகளில் நூற்றுக்கு 40 வரை இவ்வழியில் பெறலாம். இதுவன்றித் தமிழக அரசு 2022 மார்ச் முதல் நாள் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகவும் திறன் பயிற்சிகள் கல்லூரிகளுக்கு வந்துள்ளன. ‘அலுவலகக் கணினிப் பயன்பாடு’, ‘வணிகத்தில் கணினி’ எனப் பெயர்கள் பலவாயினும், இத்தகைய தொடக்கப் பாடங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றே. கோப்பு, கோப்புறை, சேமித்தல், கடிதமும் அறிக்கையும் எழுதும் சொல் செயலி, கணக்கிடும் விரிதாள், அவைமுன் காட்டும் படவில்லை, மின்னஞ்சல், கடவுச்சொல், பாதுகாப்பு. எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ நடக்கும். வாரந்தோறும் ஓர் ஒப்படைப்பு, முடிவில் ஒரு தேர்வு.

இவற்றுள் கடிதம் தட்டுவதும் படவில்லை செய்வதும் சில நாள் பழகினால் கைவரும். அவற்றைப் பற்றி நாம் நீட்டிப் பேசப் போவதில்லை. பேச வேண்டியது விரிதாள். இன்று ‘எக்செல்’ என்று எல்லோரும் சொல்வது இவ்வகையைச் சேர்ந்த ஒரு செயலியையே.

இந்த விரிதாளின் பிறப்பு ஆசிரியர்களாகிய நமக்கு இன்பம் பயப்பது. 1978ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகவியல் பள்ளியில் டான் பிரிக்லின் என்னும் மாணவர் வகுப்பில் அமர்ந்திருந்தார். பேராசிரியர் கரும்பலகையில் கட்டங்கட்டமாக எண்களை எழுதிச் செல்வார். நடுவில் ஓர் எண்ணை மாற்ற நேர்ந்தால், அதைச் சார்ந்த எண்கள் அத்தனையையும் அழித்து மறுபடியும் எழுதியாக வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று அம்மாணவர் எண்ணினார். பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பருடன் சேர்ந்து 1979இல் அதைச் செய்தும் காட்டினார். ‘விசிகால்க்’ என்பது அதன் பெயர். பின்னர் 1983இல் லோட்டஸ் வந்தது, 1985இல் எக்செல் வந்தது. ஆயினும் மூலம் அந்தக் கரும்பலகையே. முப்பதாண்டுகளாகச் சுண்ணக்கட்டியும் துடைப்பானும் பிடித்த நம் கைக்கு, இப்பொருளின் அருமை மற்றெவரையும்விட எளிதில் விளங்கியிருக்க வேண்டும். விளங்காமற் போனது நம் குறையே.

பெரியோர்களே, கணக்கேடு என்றதும் நம் மக்களுக்கு வேறு நினைவுகள் எழுவது இயல்பு. ஊரில் எவர் நிலம் எவ்வளவு, எவர் தீர்வை எவ்வளவு என்பதை எழுதும் கை ஒரு கையாகவே இருந்தது. கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் அழைக்கப்பெற்ற அப்பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்தது. அது நம் தெருவிற்கு இறங்கி வந்ததில்லை. நாம் கணக்கில் எழுதப்பட்டவர்களாக இருந்தோம், எழுதியவர்களாக இருந்ததில்லை. களத்து மேட்டில் அளந்த நெல் எத்தனை மரக்கால், முன்பணம் எத்தனை ரூபாய் என்பதெல்லாம் அடுத்தவர் ஏட்டில் இருக்கும். நம்முடையதாக அங்கே இருந்தது பெருவிரல் ரேகை ஒன்றே. 1980 நவம்பரில் தமிழக அரசு அந்தப் பழைய கிராமப் பதவிகளை ஒழித்தது. இன்று கிராம நிர்வாக அலுவலர் ஆவோர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டு முறைப்படி வருகின்றனர். நம் மாணவர் சிலரும் அவ்வாறு வந்திருக்கின்றனர். இம்மண்டபத்திலும் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் தம் அலுவலகத்தில் அமர்ந்து பார்ப்பது ஏட்டையன்று, கணினித் திரையை. ஏட்டின் கதவு நமக்குத் திறந்த காலத்தில் ஏடு இடம் மாறிவிட்டது.

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாகவே நம் மேடைகள் பேசுகின்றன. அவர் முதலில் பொருளாதாரம் கற்றவர். பரோடாவில் இருக்க இடமின்றி வெளியேறி பம்பாய் திரும்பிய அவர், 1918இல் அங்குள்ள சிடென்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என உடன் பணிபுரிந்தோர் சிலர் மறுத்ததும் அக்கல்லூரியிலேதான். 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு இலண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் வணிகச் சட்டமும் கற்பித்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் கலைக் கல்லூரி, சட்டக் கல்லூரி ஆகியவற்றோடு நில்லாது வணிகவியலுக்கெனத் தனிக் கல்லூரியும் கண்டது. பணத்தின் கணக்கை அறிவது விடுதலைக்குப் புறம்பான வேலை என்று அவர் ஒருநாளும் கருதவில்லை. நாமோ அவர் படத்தை மாட்டும் அறையில் கணக்குப் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். (சிரிக்கும் பொருளாளர் அவர்கள் பொறுத்தருள்க. அந்தப் பச்சை அட்டை நீள நோட்டை இருபத்தைந்து ஆண்டாக ஒரு பைசா பிசகாமல் எழுதி வருபவர் அவரே என்பதை யாவரும் அறிவர்.)

இனிச் சென்ற ஆண்டு நடந்ததற்கு வருகிறோம். இது கழகத்தின் ஆண்டறிக்கையில் மூன்றே வரியில் இருக்கிறது: மாணவர் பதினொருவர் இணையவழிக் கணினிப் பாடத்தில் சேர்க்கப்பட்டனர். அறிக்கை அத்துடன் முடிகிறது. சேர்ந்த அன்று நிழற்படம் எடுத்தோம். அப்படமும் இம்மலரில் வெளிவரக் கூடும். பாடத்தை முடித்தோர் நால்வர். சான்றிதழ் பெற்றோர் இருவர். எஞ்சியோர் என்ன ஆயினர் என்று தேர்வு முடிந்து இரு திங்கள் கழியும் வரை நாம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கக் கடமைப்பட்டோருள் முதல்வர் நாம். கல்விக் குழுவின் தலைமை நம்மிடம் இருந்தது.

பிறகு ஒவ்வொரு வீடாகச் சென்றோம். சோம்பல், கைப்பேசி விளையாட்டு, அக்கறையின்மை என்று நாம் மனத்தில் எழுதி வைத்திருந்த காரணங்கள் எல்லாம் திண்ணையிலேயே உதிர்ந்துவிட்டன. ஒரு மாணவருக்கு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கித் தந்தவர் பிரவுசிங் சென்டர்காரர். அவர் தம் எண்ணையே அதில் பதிந்துவிட்டார். கடவுச்சொல் மறந்தபோது ஓ.டி.பி. அவருக்குச் சென்றது; அவரோ கடையை மூடிவிட்டுத் திருப்பூர் சென்றுவிட்டார். மாணவரின் பாடம் அன்றோடு நின்றது. இன்னொருவர் விளையாட்டாக வைத்துக்கொண்ட ஒரு வீரப் பெயரையே மின்னஞ்சலுக்கும் வைத்து, அதைக் கல்லூரிப் பேராசிரியருக்கு எழுதிக் காட்ட வெட்கப்பட்டுச் சேர்க்கை விவரத்தை அனுப்பாமலே இருந்துவிட்டார். சிரிக்கிறீர்கள், நாமும் சிரித்தோம். ஆனால் மின்னஞ்சல் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

பதினொருவரில் ஒன்பது பேர் படித்தது கைப்பேசியில். “வலப்பக்கம் சொடுக்குங்கள்” என்று காணொளியில் ஆசிரியர் சொல்வார். கைப்பேசியில் வலப்பக்கம் என்று ஒன்று இல்லை. “கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் ஒருங்கே அழுத்துக” என்பார். இவர்களோ அந்த விசையைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். பன்னிரண்டு பத்தியுள்ள விரிதாளை உள்ளங்கை அகலத் திரையில் பார்ப்பது, ஊர்த் தேரைச் சன்னலின் ஒரு கம்பி இடைவெளியில் பார்ப்பது போன்றது. ஒரு சக்கரம் தெரியும், பிறகு ஒரு வடம் தெரியும். தேர்வோ மாவட்டத் தலைநகரில், கணினியின் முன் அமர்ந்து எழுத வேண்டியது. மவுஸைத் தம் வாழ்நாளில் முதன்முதலாகத் தொட்டது தேர்வு அறையில்தான் என்று இருவர் கூறினர். நீச்சலைச் சுவரில் எழுதிப் படித்துவிட்டு நேரே கிணற்றில் குதித்தவர் கதை இது.

அவர்கள் சேர்ந்த பாடத்தை நடத்தியோர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பாடம் நல்ல பாடம், பிழை அதனுடையதன்று.

அவர்களுள் ஒரு மாணவியைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல இசைவு வேண்டுகிறோம். அவர் பெயரையும் தெருவையும் சொல்லோம். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு பயில்பவர். தந்தை இல்லை. தாயார் பின்னலாடை ஆலை ஒன்றிற்கு வேனில் சென்று இரவு எட்டு மணிக்குத் திரும்புபவர். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது பகலெல்லாம் தாயாரிடம் இருக்கும். இரவு உணவு முடிந்து, தம்பி உறங்கிய பின்னர்தான் இவருக்குப் பாடம். எட்டு வாரப் பாடத்தில் முதல் மூன்று வாரம் ஒப்படைப்புகளைக் குறித்த நாளில் அனுப்பிவிட்டார். நான்காம் வாரம் கைப்பேசி கீழே விழுந்து திரை உடைந்தது. பழுது பார்க்கப் பணம் இருந்தது. அந்தப் பணத்திற்கு வேறொரு தவணை காத்திருந்தது. ஐந்து வாரம் கைப்பேசி கடையில் கிடந்தது. அந்த ஐந்து வாரமும் மாணவி தம் அத்தை மகனின் வீட்டிற்குச் சென்று, பழைய இலவச மடிக்கணினி ஒன்றில், அத்தை மகன் இறக்கி வைத்துத் தந்த காணொளிகளைப் பார்த்துப் படித்தார். மின்கலம் இறந்துபோன கணினி அது. மின்சாரம் இருந்தால் மட்டுமே உயிர் பெறும். அவ்வீட்டில் இணைய இணைப்பு நிலையாக இல்லாமையால் ஒப்படைப்புகளை அனுப்ப இயலவில்லை. தேர்வு வந்தது; எழுதினார். 75க்கு 51 பெற்றார். ஆயினும் ஒப்படைப்பின் 25 மதிப்பெண்ணில் குறைந்தது 10 வேண்டும் என்பது விதி. அவருக்கு அங்கே பத்து எட்டவில்லை. சான்றிதழ் இல்லை.

“ஏனம்மா எங்களிடம் சொல்லவில்லை?” என்று கேட்டோம். “யார்கிட்ட சொல்லணும்னு தெரியலீங்க ஐயா” என்றார். கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டு நிறைவைக் கொண்டாடும் தெருவில் இருந்து வந்த விடை இது.

நாம் விடைபெற எழுந்தபோது, அம்மாணவி ஒரு நோட்டை எடுத்து வந்து, “ஐயா, இது சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார். அதில் இருந்தது தாயார் வாங்கியிருந்த கடனின் கணக்கு. தனியார் ஒருவரிடம் தாயார் 40,000 ரூபாய் பெற்றிருக்கிறார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24 எனச் சொல்லப்பட்டது. வட்டி 9,600 ரூபாய். ஆக மொத்தம் 49,600 ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை, மாதம் 4,133 ரூபாய். கேட்பதற்குக் கணக்கு நேராகவே இருக்கிறது. நாமும் “சரிதானே அம்மா?” என்றுதான் சொன்னோம்.

“இல்லைங்க ஐயா” என்றார் அம்மாணவி. மாதந்தோறும் அசலில் ஒரு பகுதி திரும்பிச் செல்கிறது. பன்னிரண்டாம் மாதத்தில் தாயாரின் கையில் மிஞ்சியிருக்கும் அசல் 3,333 ரூபாய் மட்டுமே. ஆனால் அம்மாதமும் வட்டி என்று 800 ரூபாய் எடுக்கப்படுகிறது. முதல் மாதம் 40,000 ரூபாய்க்கு எடுத்த அதே 800. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்திற்கும் வட்டி கொடுத்துக்கொண்டே இருக்கிறார் என்பது பொருள். விரிதாளில் ‘ரேட்’ என்றொரு கட்டளை இருக்கிறது. தவணை எத்தனை, மாதம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற மூன்றையும் கொடுத்தால் உண்மையான வட்டி வீதத்தை அது சொல்லிவிடும். மாதம் ஏறத்தாழ மூன்றரை வீதம் என்று அது சொன்னது. ஆண்டிற்கு 24 அன்று; ஏறத்தாழ 42. குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு மட்டும் 24 வீதம் வட்டி போட்டிருந்தால் மாதத் தவணை 3,782 ரூபாய்தான் என்பதையும் ‘பி.எம்.டி.’ என்னும் மற்றொரு கட்டளையால் கண்டு அடுத்த வரியில் எழுதியிருந்தார். மாதம் 351 ரூபாய் வேறுபாடு. ஓராண்டில் 4,200 ரூபாய்க்கு மேல். உடைந்த கைப்பேசித் திரையை மாற்றக் கடைக்காரர் கேட்ட தொகை அதனினும் குறைவு.

தனி வட்டியும் கூட்டு வட்டியும் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பிற்குள் கற்பித்து முடிக்கிறோம். நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவரும் உண்டு. தம் வீட்டுக் கடனின் வட்டியைக் கண்டுபிடித்துக் காட்டிய மாணவரை நம் பணிக்காலத்தில் இதற்கு முன் நாம் கண்டதில்லை. கணக்கு நம் பாடமன்று என்று தப்பிக்கொள்ளலாம். தலைமையாசிரியர்க்கு அந்தத் தப்பித்தல் இல்லை.

கடன் பத்திரத்தைப் படித்துச் சொல்லவும் மாணவி தாயாருக்குக் கற்றுத் தந்திருக்கிறார். சிறுகடன் தரும் நிறுவனங்கள் வட்டியையும் பிற கட்டணங்களையும் வாங்குவோர் அறிந்த மொழியில் விவரத் தாளாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது. இவர்கள் பணம் வாங்கிய இடத்தில் அப்படி ஒரு தாளும் இல்லை. அடுத்த கடனை அத்தெருப் பெண்கள் அங்கே வாங்கவில்லை. மகளிர் குழுவின் பேரில் வங்கியில் கேட்டனர். கிடைப்பதற்கு மூன்று திங்கள் ஆயிற்று. இடையில் ஒரு வீட்டில் காதணி அடகுக்குச் சென்றது. எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அவ்வளவே.

சான்றிதழ் பெறாதவர் செய்த காரியம் இது. ஆயினும் சான்றிதழ் வேண்டாப் பொருள் என்று எவரும் கருதிவிடலாகாது. அரசுத் தட்டச்சர் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வித் துறை வழங்கும் ‘அலுவலகத் தானியக்கக் கணினி’ச் சான்றிதழ் வேண்டப்படுகிறது என்பதை இங்குள்ள இளைஞர் அறிவர். தட்டச்சில் இரு மொழியிலும் உயர்நிலை தேறிவிட்டு, இந்த ஒன்று இல்லாமல் அலைந்தவரை நாம் அறிவோம். திறமை வீட்டைக் காக்கும். தாள் வேலை தரும். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.

தமிழில் தட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். நம் மாணவர் பலர் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்குகின்றனர். அஃது அவசரத்திற்கு உதவும், அலுவலகத்திற்கு உதவாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையில் உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என எழுத்துகள் முறையாக அமைந்திருக்கின்றன. ஒரு திங்களில் விரல் பழகிவிடும். பழைய எழுத்துருவில் தட்டிய விண்ணப்பம் வேறு கணினியில் திறக்கும்போது பூச்சி பூச்சியாகத் தெரிவதை இங்குள்ள எத்தனையோ பேர் பட்டிருப்பீர்கள். ஒருங்குறியில் தட்டினால் அத்தொல்லை இல்லை. 2010இலேயே அரசு அதை ஏற்றுவிட்டது.

“இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும், விரிதாளை எதற்குக் கற்க வேண்டும்?” என்று நம் மகன் உட்படப் பல இளைஞர் கேட்கின்றனர். அவர்களுக்கு ஒரு செய்தி. 2010இல் பொருளாதார அறிஞர் இருவர், கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், நாடுகளின் கடன் அளவு மீறினால் வளர்ச்சி குன்றும் என்று ஒரு கட்டுரை எழுதினர். அரசுகள் செலவைச் சுருக்குவதற்கு அக்கட்டுரையைச் சான்று காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார், விடை வரவில்லை. அறிஞர்களிடமே அவர்களுடைய விரிதாளைக் கேட்டுப் பெற்றார். சராசரி எடுக்கும் கட்டளை சில வரிகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. இருபது நாடுகளில் ஐந்து கணக்கில் விடுபட்டிருந்தன. 2013இல் அதை அவர் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். கட்டுரையில் வேறு குறைகளும் சுட்டப்பட்டன; விரிதாளில் நேர்ந்த பிழையை அறிஞர் இருவரும் ஒப்புக்கொண்டனர். பெரியவர் எழுதிய கணக்காயினும், இயந்திரம் எழுதிய கணக்காயினும், அந்தச் சிறு கட்டத்திற்குள் நுழைந்து எது முதல் எது வரை கூட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் தெருவிலும் வேண்டும் என்பதே நம் பேச்சு.

இனிச் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாகத் தெரு முகப்பில் அண்ணலின் பெயரால் வளைவு எழுப்புவதென முடிவாகி, அதற்கு நன்கொடையும் சேர்ந்து வருகிறது. அத்தீர்மானத்தில் நம் கையெழுத்தும் உண்டு. வளைவு வேண்டா என்று சொல்ல நாம் வரவில்லை. ஊர் நடுவே அவர் பெயர் நிற்பதற்கு நம் முன்னோர் பட்ட பாட்டை அறியாதவர் அல்லோம். வளைவு ஓராண்டு காத்திருக்கட்டும் என்றே கேட்கிறோம். சேர்ந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு கழகக் கட்டடத்தின் பின்னறையைக் கணினி அறையாக்குவோம். பெருந்தொகை தேவைப்படாது. 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகள் நம் வீடுகளின் பரணில் எத்தனையோ உறங்குகின்றன. மின்கலமும் நினைவகமும் மாற்றினால் அவற்றுள் பாதியேனும் எழுந்துவிடும் என்று பழுது பார்க்கும் இளைஞர் கூறுகிறார். விரிதாளுக்கும் கடிதத்திற்கும் லிப்ரே ஆபீஸ் என்னும் செயலி விலையின்றிக் கிடைக்கிறது. வேண்டுவன நிலையான இணைய இணைப்பு, நான்கு மவுஸ், மேசை, மின்விசிறி. அத்துடன் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை அறையில் இருக்க ஓர் ஆள். இந்த வரிசையில் கடைசியாகச் சொன்னதே கடினம். பெண் பிள்ளைகள் வருவதாயின் இரவு வீடு திரும்பத் துணை வேண்டும். அதற்கு மகளிர் குழுவினர் முறை வைத்துக்கொள்வதாக இசைந்துள்ளனர்.

பொருளாளர் அவர்களிடமும் ஒன்று கேட்டிருக்கிறோம். அந்தப் பச்சை அட்டை நோட்டின் இருபத்தைந்து ஆண்டுக் கணக்கையும், மாணவர் அமர்ந்து விரிதாளில் ஏற்றுவதற்குத் தர வேண்டும் என்று. முதலில் தயங்கினார், தம் கையெழுத்தை எவரும் படித்துவிட முடியாது என்றார். பின்னர், தாமே அருகில் அமர்ந்து படித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். நன்கொடை கொடுத்தவர் பெயர், உதவி பெற்ற மாணவர் பெயர், திருப்பித் தந்தவர், தராதவர் என யாவும் அதில் இருக்கின்றன. ஏற்றும் பணியை அந்த பி.காம். மாணவியிடம் ஒப்படைத்திருக்கிறோம், வரும் பருவத்தில் அவர் அப்பாடத்தில் மீண்டும் சேர்ந்திருக்கிறார்.

அறை திறப்பதற்கு விழா வேண்டா, நிழற்படமும் வேண்டா. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பரணைத் திறந்து, வீட்டிலுள்ள மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வாருங்கள். சார்ஜர் இருந்தால் அதையும் மறவாமல் கொணருங்கள். நாமும் வருகிறோம், கற்பிக்க அன்று. முதல் வாரப் பாடத்திற்கு நம் பெயரையும் பதிந்தாயிற்று.